சாக்கடை எல்லா இடத்திலும் ஓடாது

கேள்வி: அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம். ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவே என் முதல் முயற்சி. அச்சு, வரைகதை (காமிக்ஸ்), நினைவு, பழம்பொருட்கள் என்று பலவற்றைத் தொட்டுச் செல்லும் நூல். இரண்டு சொற்கள் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. 'ஆர்க்கியாலஜி' அடிக்கடி வருகிறது. பாதி இடங்களில் யாரும் எதையும் தோண்டுவதில்லை. 'கட்டர்' ஏழு இடங்களில் வருகிறது. அகராதி சாக்கடை என்றது. ஏழு இடங்களிலும் அதையே போட்டேன். படித்த தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். போதாததற்கு, ஒரு கட்டுரையின் தலைப்பே 'கட்டரின் ஆர்க்கியாலஜி' என்று இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்ற விதியைக் கடைப்பிடிப்பதா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடுவதா? அந்த ஏழு வாக்கியங்களையும், 'ஆர்க்கியாலஜி' வரும் இடங்களையும், என் மொழிபெயர்ப்போடு தனித்தாள்களில் விரிவாக எழுதி இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழியைச் சிரிக்க வைத்தது மூன்றாவது வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். 'அறையின் மூலையில் மெழுகுவத்தி சாக்கடையாகிக்கொண்டிருந்தது.' நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் முதன்முதலாக மொழிபெயர்த்த பக்கங்கள் நினைவுக்கு வந்தன. சிரிப்பு தானாக நின்றது. அந்தப் பக்கங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு அவமானத்தைச் சொல்கிறேன், சற்றுப் பொறுங்கள்.

முதலில் சுருக்கமான விடை. உங்கள் இரண்டு சொற்களுக்கும் ஒரே விதி செல்லாது. 'கட்டர்' என்பதை இடத்துக்கு இடம் உடைத்துப் பல தமிழ்ச் சொற்களாக்குங்கள். 'ஆர்க்கியாலஜி'யை முடிந்தவரை உடைக்காமல் தொல்லியல் என்றே வைத்திருங்கள், யாரும் தோண்டாத இடங்களிலும் கூட. ஒன்று ஒரு வடிவத்தின் பெயர். எந்தத் தொழிலில் அந்த வடிவம் இருந்தாலும் அந்தத் தொழில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். மற்றொன்று ஒரு வேலைமுறையின் பெயர். அது வேறு துறைக்குப் போகும்போது அந்த முறையைத் தோளில் சுமந்துகொண்டு போகிறது.

கட்டரை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் 'குட்டா' என்றால் துளி. பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது அது துளிகள் சேர்ந்து ஓடும் தடத்தைக் குறித்தது. அழுக்கு அதன் பிறவிக் குணம் அல்ல. பிறந்தபோது அது மழைநீர். மருந்துச் சீட்டுகளில் சொட்டு மருந்துக்கு எழுதிவந்த 'ஜிடிடி' என்ற சுருக்கம் இந்தக் குட்டாவின் எச்சம். மூட்டு வீங்கி நோகும் ஒரு நோய்க்கு ஆங்கிலத்தில் 'கௌட்' என்று பெயர்; உடம்பின் கெட்ட நீர் துளித்துளியாக மூட்டில் இறங்குகிறது என்று இடைக்காலத்தில் நம்பியதால் வந்த பெயர் அது. கிரேக்கர்களின் டோரிக் பாணிக் கோயில்களில் தூண்களுக்கு மேலே உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சிறு கல் முளைகளையும் கட்டடக் கலைஞர்கள் துளிகள் என்ற பொருளில் 'குட்டே' என்றே அழைக்கிறார்கள். ஆனால் பல் மருத்துவர் வேர்க்குழாயை அடைக்கப் பயன்படுத்தும் கட்டாபெர்ச்சா இந்தக் குடும்பத்தில் இல்லை. அது மலாய் மொழியிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடும் ஆசை நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

இரண்டு விளிம்புகளுக்கு நடுவே தாழ்ந்து நீண்டு கிடக்கும் ஒரு வெற்றிடம். இந்த வடிவம்தான் கூரையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து அச்சகத்துக்கும், அங்கிருந்து கணினித் திரைக்கும் போயிற்று. பந்து உருட்டி முளைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில், தளத்தின் இருபுறமும் ஓடும் பள்ளம் கட்டர். அஞ்சல்தலைத் தாளில் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவே அச்சாகாமல் விட்ட பட்டை கட்டர். அந்தப் பட்டையோடு கிழிக்காமல் எடுத்த இரட்டைத் தலைகளைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். நிரலாளர்களுக்குத் திரையின் இடது ஓரத்தில் வரி எண்கள் நிற்கும் பட்டை கட்டர். ஆஸ்திரேலியாவின் தங்க வேட்டைக்காரர்களுக்கோ மண்ணுக்கடியில் புதைந்துபோன பழைய ஆற்றின் அடிப்பள்ளம் கட்டர். தங்கம் செறிந்து கிடந்தது அங்கேதான். அவர்களிடம் போய்ச் சாக்கடை என்று சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் வாக்கியங்கள்.

முதல் வாக்கியத்தில் இரவெல்லாம் மழை பெய்கிறது, கட்டர் நிரம்பிச் சுவரில் வழிகிறது. சாக்கடை நிரம்பிச் சுவரில் வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தமான மழைநீரைக் கழிவுநீராக்கியதோடு அதைத் தரையிலிருந்து சுவருக்கும் ஏற்றிவிட்டீர்கள்! இங்கே இருப்பது கூரை விளிம்பில் ஓடும் குழிவான தகடு. இலங்கைத் தமிழில் இதற்குப் பீலி என்ற அழகான சொல் இருக்கிறது. அங்கே அது அன்றாட வழக்கு. உங்கள் வாசகர்களுக்கு அது புரியுமா என்று ஐயம் இருந்தால் கூரை வடிகால் என்று எழுதுங்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலைக்குக் கூடுவாய் என்று பெயர். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கூரையை விட்டு இறங்குவதற்கு முன் இன்னொன்று. உங்கள் நூலின் அதே பத்தியில் 'ஈவ்ஸ்ட்ராப்' என்ற சொல்லும் வருவதாகத் தெரிகிறது. 'ஒட்டுக்கேட்டாள்' என்று சரியாக மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள், இறவாரத்திலிருந்து, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பிலிருந்து, மழைநீர் சொட்டும் நிலப்பகுதி. அந்தச் சொட்டுப் பகுதிக்குள் நின்று வீட்டுக்குள் பேசுவதைக் கேட்பவன் ஒட்டுக்கேட்பவன் ஆனான். நூலாசிரியர் இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'இறவாரத்தடியில் நின்று ஒட்டுக்கேட்டாள்' என்று எழுதினால் அந்த விளையாட்டில் பாதியாவது தமிழுக்கு வந்துசேரும்.

இரண்டாம் வாக்கியம் தெருவோரத்தில் ஓடும் நீர்த்தடம். அதில் ஒரு குழந்தை காகிதக் கப்பல் விடுகிறது. சாக்கடை இங்கே தவறில்லை, ஆனால் காட்சியில் நாற்றம் ஏறிவிடும். 'தெருவோர வாய்க்கால்' என்றால் குழந்தை பிழைக்கும். எந்தத் தடத்திலும் அதில் ஓடுவதைப் பொறுத்தே பெயர் மாறுகிறது என்பது நம் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கணம் என்று ஒரு பழைய சொல் உண்டு. முற்றம் என்றும் பொருள், கழிவுநீர்த் தடம் என்றும் பொருள். அங்கணத்தில் கொட்டிய அமிழ்தம் பற்றிய 720ஆம் குறளுக்குப் பரிமேலழகர் 'தூயதல்லாத முற்றம்' என்று பொருள் கொள்ள, பிற்கால உரைகள் பல சாக்கடை என்று சொல்லிவிட்டன. நாலடியாரிலோ ஐயத்துக்கு இடமில்லை. ஊர் அங்கணநீர் பெருநீரைச் சேர்ந்தால் 'பேரும் பிறிதாகி'த் தீர்த்தம் ஆகிவிடுமாம். நல்லாரோடு சேர்வதன் பெருமையைச் சொல்ல வந்த பாட்டு. எனக்கு அது மொழிபெயர்ப்பாளருக்கு எழுதியதாகவே படுகிறது. நீர் அதேதான், சேர்ந்த இடம் மாறியதும் பெயர் மாறிவிட்டது.

மூன்றாவது, அந்த மெழுகுவத்தி. இங்கே கட்டர் வினைச்சொல். சுடரைச் சுற்றியிருக்கும் மெழுகின் விளிம்பு ஒரு பக்கம் உடைந்து, உருகிய மெழுகு அந்த வழியே ஒழுகி ஒரு தடம் உண்டாகிறது. திரிக்கு எரிபொருள் குறைகிறது, சுடர் தள்ளாடுகிறது. ஆங்கிலேயர் தடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் சுடரைப் பார்ப்போம். 'மெழுகு ஒழுகி ஒழுகி, சுடர் தள்ளாடிக்கொண்டிருந்தது' என்றால் போதும். 'கட்டர் அவுட்' என்று பின்னால் வந்தால் தள்ளாடி அணைந்தது என்று பொருள். மனிதர்களுக்கும் முயற்சிகளுக்கும் கூட அதைச் சொல்வார்கள்.

நான்காவது அச்சுக்கலை. நான் சொல்வதாகச் சொன்ன அவமானம் இங்கேதான் நேர்ந்தது. விரித்த புத்தகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சந்திக்கும் உள்ளோரம் கட்டர். பத்திரிகைப் பக்கத்தில் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையிலான வெள்ளையும் அதே. தாள்களைத் தைக்காமல் முதுகில் பசை தடவி ஒட்டும் புத்தகம் முழுதாக விரியாது. உள்ளோரத்தில் போதிய இடம் விடாவிட்டால் வரிகளின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இதையெல்லாம் அறிந்த பெருமையில், ஒரு தடித்த நூலின் மெய்ப்பின் மேல் 'கட்டர் பக்கம் கூடுதலாக இடம் விடவும்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றுதானே. வடிவமைத்தவர் அதைக் காகிதம் வெட்டும் 'கட்டர்' என்று படித்திருக்கிறார். வெட்டுப்படும் வெளியோரத்தில் தாராளமாக இடம் விட்டு, எழுத்தையெல்லாம் மடிப்பை நோக்கித் தள்ளிவிட்டார். அச்சாகி வந்த பிரதியை இரண்டு கையாலும் பிளந்து பிடித்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. வெட்டும் கருவியையும் உள்ளோரத்தையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு எதிரே இருப்பவர் என் மனத்தைப் படிப்பார் என்று எதிர்பார்த்தவன் நான்.

ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கும் இதுவே விடை. பஸ்ஸையும் டிக்கெட்டையும் யாரும் தவறாகப் படிப்பதில்லை; அவை நம் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன. கட்டர் ஆகவில்லை. நான்காம் வாக்கியத்துக்கு 'உள்ளோரம்' என்றோ, 'நடு மடிப்பு' என்றோ எழுதுங்கள். பத்திகளுக்கு நடுவே என்றால் 'பத்தி இடைவெளி'.

ஐந்தாவது, வரைகதை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், உங்கள் நூலின் உயிரே இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளைக் கோடு கட்டர். அங்கே எதுவும் வரைந்திருப்பதில்லை. கதையில் பாதி அங்கேதான் நடக்கிறது. வரைகதைக் கலைஞர் ஸ்காட் மெக்லௌட் 1993இல் வரைகதையைப் பற்றி வரைகதையாகவே ஒரு நூல் செய்தார். அதில் ஓர் உதாரணம் வருகிறது. முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேரத்து நகரமும் ஓர் அலறலும் மட்டும். கோடரி இறங்கியதை யாரும் வரையவில்லை. இறக்கியவர் வாசகர்தான், அதுவும் அந்த வெள்ளைக் கோட்டுக்குள். வாசகர் மனம் இப்படி இடைவெளியை இட்டு நிரப்புவதைத்தான் அவர் அந்த நூலில் விரித்துச் சொல்கிறார்.

இதற்கு ஆகிவந்த தமிழ்ச் சொல் என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. 'கட்ட இடைவெளி' என்று எழுதினால் பொருள் சரியாகவே இருக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். 'இடைவெளி' என்ற சொல்லே போதும் என்பது என் கட்சி. கவிதையிலும் பேச்சிலும் நாம் அதைக் கனமாகவே பயன்படுத்துகிறோம். முதல் முறை வரும்போது 'கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளி' என்று விளக்கிவிட்டு, பிறகு வெறும் 'இடைவெளி' என்று போங்கள். ஆனால் அந்தக் கட்டுரை முழுவதிலும் வேறு எதற்கும் இடைவெளி என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூரம், அவகாசம், பிளவு, ஓய்வு என்று மற்றவற்றுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

ஆறாவது, சமூகப் பொருள். இங்கே சாக்கடை நமக்குக் கைகொடுக்கிறது. அரசியலைச் சாக்கடை என்று திட்டாத தமிழர் உண்டா? ஆனால் உங்கள் வாக்கியம் திட்டுவதல்ல. குடித்தே எல்லாவற்றையும் தொலைத்த ஒருவன் 'கட்டரில் முடிந்தான்' என்கிறது. சொத்தும் மானமும் இழந்தவனை ஆங்கிலம் தெருவின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. தமிழ் அவனை நடுத்தெருவில் நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். விழுந்தவன் ஒதுங்கிக் கிடப்பதாக அவர்கள் காண்கிறார்கள். அவன் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்பதாக நாம் காண்கிறோம். 'கடைசியில் நடுத்தெருவுக்கு வந்தான்' என்று தயங்காமல் எழுதுங்கள். இதே நூலில் 'கட்டர் பிரஸ்' வந்தால் மஞ்சள் பத்திரிகை. ஒருவன் மனம் கட்டரில் இருப்பதாக வந்தால் புத்தி போகிற போக்கு என்று ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

ஏழாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆர்க்கியாலஜிக்குப் போவோம். தமிழில் இதற்குச் சொற்கள் கூடிப்போயிருக்கின்றன. புதைபொருள் ஆராய்ச்சி, தொல்பொருளியல், அகழ்வாராய்ச்சி, அகழாய்வு, தொல்லியல் என்று ஐந்தையும் கலந்து பயன்படுத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து கலக்காதீர்கள். அகழாய்வு தோண்டும் வேலை மட்டும். தொல்லியலாளர் தோண்டாமலும் தொல்லியலாளர்தான். நிலத்தின்மேல் சிதறிக் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கி வரைபடத்தில் குறிப்பது, வானிலிருந்து எடுத்த படத்தில் பயிரின் நிற வேறுபாட்டை வைத்துப் புதைந்த சுவரை அடையாளம் காண்பது, நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தில் எந்தச் சுவர் எதற்குப் பின் வந்தது என்று பிரித்தறிவது, கரித்துண்டின் வயதை ஆய்வகத்தில் கணிப்பது எல்லாம் தொல்லியல். டைனோசர் எலும்பு மட்டும் தொல்லியல் அல்ல, அது தொல்லுயிரியல். உங்கள் நூலின் 40ஆம் பக்கத்தில் அந்தத் தவறு இருக்கிறது. மூலநூலாசிரியர் செய்ததா, நீங்கள் செய்ததா என்று பாருங்கள்.

இந்தச் சொல்லுக்கும் தோண்டுவது பிறவிக் குணம் இல்லை. கிரேக்கத்தில் 'ஆர்க்கையோஸ்' பழையது, 'லோகோஸ்' சொல், பேச்சு, கணக்கு. பழங்கதை பேசுவதே ஆர்க்கியாலஜி. பிளேட்டோவின் ஓர் உரையாடலில் ஹிப்பியாஸ் என்ற ஊர்சுற்றும் ஆசிரியர், ஸ்பார்ட்டாக்காரர்கள் வீரர்களின் வமிச வரலாற்றையும் நகரங்கள் தோன்றிய கதைகளையும் விரும்பிக் கேட்கிறார்கள் என்று சொல்லி, அவற்றையெல்லாம் இந்தச் சொல்லால் குறிக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஜோசபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் யூதர்களின் வரலாற்றைக் கிரேக்கத்தில் எழுதியபோது அதற்கு வைத்த பெயரிலும் இதே சொல்தான். ஆங்கிலத்திலும் 17ஆம் நூற்றாண்டில் அது பொதுவாகப் பழைய வரலாறு என்றே நுழைந்தது. மண்வெட்டி அதன் கைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே யாரும் தோண்டாத ஆர்க்கியாலஜி என்று நீங்கள் வியப்பது, பேரன் தாத்தாவைப் பார்த்து 'நீங்கள் ஏன் என் சட்டையைப் போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்பது போல.

மண்வெட்டி வந்த பிறகு ஒரு முக்கியமான கருத்தும் கூடவே வந்தது: அடுக்கு. கீழே கிடப்பது பொதுவாக முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. ஒரு பொருள் எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் பொருளே இருக்கிறது. அடுக்கைக் குறித்துக்கொள்ளாமல் பொருளை மட்டும் எடுத்துவந்தால் அது வெறும் புதையல் வேட்டை. பிற துறையினர் இந்தச் சொல்லைக் கடன் கேட்டு வந்தபோது அவர்கள் வாங்கிப்போனது இதைத்தான். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு 1896லேயே, மனநோயின் வேரைத் தேடும் மருத்துவரை இடிபாடுகளுக்கு நடுவே நிற்கும் ஆய்வாளரோடு ஒப்பிட்டார். பழஞ்சிலைகளைச் சேகரிப்பதில் அவருக்குத் தீராத பித்து. ஒப்புமை சும்மா வரவில்லை. நிரலாளர்களும் இப்போது மென்பொருள் தொல்லியல் என்கிறார்கள்: எழுதியவர்கள் எல்லோரும் விட்டுப்போன பழைய நிரலை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த வரி எப்போது, எதற்காகச் சேர்ந்தது என்று பிரித்தறியும் வேலை.

'தொல்' என்ற முன்னொட்டு உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழமையே இல்லாத இடத்தில் தொல்லியலா என்று. 1973இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியலாளர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக் குப்பையை ஆராயத் தொடங்கினார். போன வாரத்துக் குப்பை. வீட்டார் எவ்வளவு மது குடிப்பதாகக் கேள்வித்தாளில் சொன்னார்களோ அந்தக் கணக்கும், தொட்டியில் கிடந்த புட்டிகளின் கணக்கும் பொருந்தவில்லை. மக்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு அவர்கள் போட்டுவிட்டுப் போனதைப் படிப்பது, இதுதான் முறை. வயது இரண்டாம்பட்சம். எனவே 'தொல்' உறுத்தினால் உறுத்தட்டும். ஆங்கிலத்திலும் கிரேக்க 'ஆர்க்கையோஸ்' அதே இடத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. உங்கள் நூலில் நான்கு இடங்களில் வரும் தொல்லியல் அவருடையது. 1963இல் மருத்துவரின் பார்வையைப் பற்றியும், 1966இல் மானுட அறிவியல்கள் பற்றியும் எழுதிய நூல்களின் துணைத்தலைப்புகளில் இந்தச் சொல்லை வைத்தார்; 1969இல் அறிவின் தொல்லியல் என்று நூலின் பெயரிலேயே வைத்தார். அதைத் தொடக்கத்தைத் தேடும் முயற்சி என்றோ, நிலத்தைத் தோண்டும் ஒப்புமை என்றோ கொள்ளக் கூடாது என்று அந்த நூலுக்குள்ளேயே எச்சரிக்கவும் செய்தார். ஒரு காலத்தில் எதைப் பேச முடிந்தது, எதைப் பேசவே முடியாமல் இருந்தது, அதை எந்த விதிகள் தீர்மானித்தன என்பதே அவர் கேள்வி. நீங்கள் அந்த நான்கு இடங்களில் வேர்த்தேடல், ஆழ்ந்த ஆய்வு, மூலம் காணல், தோண்டித் துருவல் என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறீர்கள். நான்கும் படிக்க இனிமைதான். வேரும் வேண்டாம் மூலமும் வேண்டாம் என்று அவர் தள்ளியதையே அவர் வாயில் திணித்திருக்கிறீர்கள் என்பதுதான் சங்கடம். இங்கே தொல்லியல் என்ற ஒரே சொல்லை விடாப்பிடியாக வைத்திருங்கள். வாசகர் முதலில் திகைப்பார். பிரெஞ்சு வாசகரும் திகைத்தவர்தான்.

ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்ற விதி சட்ட ஆவணத்துக்கும் மருந்துக் குறிப்புக்கும் உயிர். அங்கே மாற்றினால் ஆபத்து. கட்டுரை இலக்கியத்தில் அந்த விதி கலைச்சொற்களுக்கு மட்டும் செல்லும். ஃபூக்கோவின் தொல்லியல் கலைச்சொல். வரைகதை பற்றிய கட்டுரைக்குள் இடைவெளி கலைச்சொல். மெழுகுவத்தியின் கட்டர் கலைச்சொல் அல்ல, அது வெறும் கண்பார்வை.

இனி அந்தத் தலைப்பு. இரண்டு சொற்களும் நேர்ப்பொருளிலேயே சேர்ந்து நிற்கும் இடங்கள் உலகில் நிறைய உண்டு என்பதை முதலில் நினைவில் வையுங்கள். தொல்லியலாளர்களுக்கு வடிகால் என்றால் கொள்ளை ஆசை. மாளிகையை அதில் வாழ்ந்தவர்கள் பெருக்கித் துடைப்பார்கள், இடிப்பார்கள், திரும்பக் கட்டுவார்கள். வடிகாலுக்குள் விழுந்ததை எடுக்க யாரும் அதற்குள் கையை நுழைப்பதில்லை. வேல்ஸ் நாட்டில் கார்லியனில் இருந்த உரோமானியப் படைமுகாமின் குளியல் வளாக வடிகாலில், மோதிரங்களில் பதித்திருந்த செதுக்குக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. வெந்நீரின் ஆவியில் பசை இளகிக் கல் கழன்று விழுந்திருக்கிறது. குளித்தவர் வீட்டுக்குப் போய்த்தான் வெற்று மோதிரத்தைப் பார்த்திருப்பார். இத்தாலியின் பழைய நகரமான ஹெர்குலேனியத்தில் எரிமலை மூடிய ஒரு தெருவின் அடியில் இருந்த கழிவுத் தடத்திலிருந்து விதைகளும் மீன்முள்ளும் மூட்டை மூட்டையாக எடுத்து, சாதாரணக் குடித்தனக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டறிந்தார்கள். மொகஞ்சதாரோவில் தெருவோரம் ஓடும் செங்கல் வடிகால்களும் மூடிகளும்தானே அந்நகரத்தின் முகவரியாகவே ஆகிவிட்டன. பிரிட்டனின் இரும்புக்கால வட்ட வீடுகள் பலவற்றில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. கூரையைச் சுற்றிச் சொட்டிய நீரை ஏந்திய வளையப் பள்ளம் மட்டும் மண்ணில் நிற மாற்றமாகத் தெரிகிறது. அதை வைத்து இல்லாத கூரையைக் கண்முன் எழுப்புகிறார்கள்.

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன், மன்னியுங்கள். நிலத்தடி நீர்வழிக்குச் சிலப்பதிகாரம் சுருங்கை என்று ஒரு சொல்லை வழங்குகிறது. சுரங்கம் அதன் உறவு. இதற்கு மூலமான வடமொழிச் சொல், குழல் என்று பொருள்படும் 'சிரிங்க்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலர் ஏற்ற கருத்து. மருத்துவமனையில் பார்க்கும் சிரிஞ்சும் அதிலிருந்தே பிறந்தது. கிரேக்கச் சொல்லான ஆர்க்கியாலஜிக்கு நாம் தமிழ்ச் சொல் தேடி அலைகிறோம். இன்னொரு கிரேக்கச் சொல்லோ நம் வடிகாலுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் கிடக்கிறது.

திரும்பி வருகிறேன். உங்கள் கட்டுரை வரைகதையைப் பற்றியது. கட்டங்களுக்கு நடுவிலான வெள்ளை எப்போது தோன்றியது, எப்படி அகன்றது, எப்போது மறைந்தது என்று பழைய பத்திரிகைப் பக்கங்களை அடுக்கடுக்காகப் பார்த்துக்கொண்டு போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'சாக்கடையின் தொல்லியல்' என்ற உங்கள் தலைப்பு வாசகரை மொகஞ்சதாரோவுக்கு ரயில் ஏற்றிவிடும். 'இடைவெளியின் தொல்லியல்' என்று வையுங்கள். ஆங்கிலத்தில் கட்டர் என்ற சொல்லுக்குள் இருக்கும் அழுக்கின் குறும்பு போய்விடுகிறதே என்று நீங்கள் வருந்தலாம். போகத்தான் செய்கிறது. தலைப்பில் அதைக் காப்பாற்ற முயன்றால் கட்டுரை முழுவதையும் இழப்பீர்கள். வேண்டுமானால் முதல் பத்தியிலேயே, இந்த வெள்ளைக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் தெருவோர வாய்க்காலின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்ளுங்கள். நான் செம்மையாக்கும் நூல்களில் இப்படி ஒரு வரியை எப்போதும் அனுமதிக்கிறேன். இரண்டு வரி கேட்டால் மறுத்துவிடுவேன்.

ஏழாவது வாக்கியம்: 'அவர் கட்டரில் பென்சிலால் சின்னதாக ஓர் எண்ணை எழுதியிருந்தார்.' நீங்கள் இங்கேயும் சாக்கடை என்று போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து மகிழ்ந்தேன். பழைய புத்தகம் விற்பவர்கள் உள்ளோர மடிப்பில் பென்சிலால் தங்கள் குறியீட்டை எழுதிவைப்பது உண்டு, அப்படியானால் உள்ளோரம். 'அவர்' அஞ்சல்தலை சேகரிப்பவர் என்றால் அச்சாகாத வெள்ளைப் பட்டை. வரைகதைக் கலைஞர் என்றால், மூலப் படத்தாளில் கட்டங்களுக்கு நடுவே எழுதிய எண்ணாகவும் இருக்கலாம். ஒற்றை வாக்கியத்தை வைத்து நான் எதையும் சொல்லமாட்டேன். அதற்கு முந்தைய பத்தியையும் பிந்தைய பத்தியையும் படியெடுத்து அனுப்புங்கள். அந்த 40ஆம் பக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். டைனோசர் விஷயம் இன்னும் உறுத்துகிறது.